பழைய வீட்டு பர்மா தேக்கு, பாய்மரப் படகின் காக்பிட்டுக்கு: எந்த மரம், எப்படி அறுப்பது, எப்படி வைத்துக்கொள்வது?

பாய்மரம் தேவகோட்டை

எல்லோருக்கும் வணக்கம். படகு 26 அடி ஃபைபர், தொண்டிப் பக்கம் கரையேற்றி வைத்திருக்கிறது. காக்பிட்டில் (பின்பக்கம் சுக்கான் பிடிப்பவர் உட்காரும் குழி) தரை 190 × 62 செ.மீ. இரண்டு பக்கமும் உட்காரும் மேடை, ஒவ்வொன்றும் 190 × 40 செ.மீ. தரையின் பின்மூலைகளில் தண்ணீர் வடிய இரண்டு துளைகள். மொத்தமும் இப்போது வழுவழுப்பான ஜெல்கோட் (ஃபைபரின் மேல்பூச்சு).

காரைக்குடியில் இடித்த வீடு ஒன்றின் தேக்கு உத்தரங்கள் ஆறு கைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 9 அடி நீளம், 7 அங்குலம் × 4 அங்குலம். மூன்று சந்தேகம்:

இந்த மரம் படகுக்கு ஆகுமா, புதுப் பலகையே வாங்கணுமா? தரையில் பட்டைகளை ஒட்டுவதா, குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் கோத்து, கழற்றி எடுக்கிற தட்டாகச் செய்வதா? போட்ட பிறகு எண்ணெய் பூசணுமா?

பள்ளத்தூர் மரவாடி

ஆகுமா என்று கேட்காதீங்க தம்பி, இதைவிட நல்ல மரம் இப்போ காசு கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காது. மியான்மர் 2014 ஏப்ரலோடு உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கடையில் "பர்மா" என்று விற்பதில் எது எங்கிருந்து வந்தது என்று மரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும், பில்லைப் பார்த்து இல்லை. கானா, பிரேசில், ஈக்வடார் தோட்டத் தேக்கும் தேக்குதான். ஆனால் இளமரம். வளையம் அகலம், வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) குறைவு, வெள்ளை (வெளிப்பக்க இளமரம்) அதிகம். "ஆப்பிரிக்கத் தேக்கு" என்ற பெயரில் வருகிற இரோக்கோ வேறு மரமே.

ஆனால் பழைய வீட்டு உத்தரம் எல்லாமே தேக்கு என்று நினைத்துவிடவும் கூடாது. பர்மாவிலிருந்து தேக்கோடு பியின்கடோ என்கிற இரும்பு மாதிரி மரமும் வந்தது. பாரம் தாங்குகிற இடத்தில் அதையும் போட்டிருப்பார்கள். கறுத்துப்போன பிறகு மேற்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சோதனை எளிது: ஓரத்தில் 10 × 5 × 2 செ.மீ. துண்டு ஒன்று அறுத்து, நாலு பக்கமும் இழைத்து, நகைத்தராசில் வையுங்கள். அது 100 கன செ.மீ. காய்ந்த தேக்கு என்றால் 60 முதல் 68 கிராம் வரைக்குள் நிற்கும். 90 கிராமுக்கு மேல் போனால் அது தேக்கு இல்லை. படகுக்கு அந்தப் பாரம் வேண்டாம், அதை ஒட்டுவதும் கஷ்டம்.

இழைத்த முகத்தில் தேக்கு தன்னைக் காட்டிக்கொடுக்கும். பழைய தோல் போன்ற ஒரு வாசனை, தடவினால் லேசான மெழுகுப் பிசுபிசுப்பு, குறுக்குவெட்டில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் வரிசையாகப் பெரிய துளைகள். இந்தத் துளை வரிசை இரோக்கோவில் இருக்காது.

கானாடுகாத்தான் ஆச்சி

மரத்தை அறுக்கும் முன் ஒரு விஷயம். உத்தரம், குறுக்குச் சட்டம், மச்சுப் பலகை என்றால் அறுங்கள். தூண், வேலைப்பாடுள்ள நிலை, போதிகை (தூணின் தலைக்கட்டை) என்று எதுவும் கைக்கு வந்தால் அதைப் படகுக்கு அறுக்காதீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் அதை அப்படியே வாங்கி இன்னொரு வீட்டில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. ஊரே இப்படித் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது, தூண் தூணாகவே இருக்கட்டும். உத்தரம் கண்ணுக்குத் தெரியாமல் காரைக்குள் கிடந்தது, அது கடலுக்குப் போவதில் வருத்தமில்லை.

கொத்தமங்கலம் உளி

ஆச்சி சொன்னது சரி. வேலைக்கு வருவோம்.

முதல் எதிரி ஆணி. பழைய உத்தரத்தில் அடித்த ஆணிகள் தலை ஒடிந்து உள்ளேயே கிடக்கும். மேலே சுண்ணாம்பும் புகையும் மூடியிருப்பதால் தெரியாது. கையடக்க மெட்டல் டிடெக்டரை நாலு முகத்திலும் ஓட்டி, சத்தம் வருகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஆணியை இழுக்க வரவில்லை என்றால் சுற்றிலும் துளை போட்டு எடுங்கள். ஆணி போனாலும் இரும்புக் கறை மரத்தோடு நிற்கும். நீளவாக்கில் கறுப்பு ஓடியிருந்தால் அந்தத் துண்டு முழுவதையும் வெட்டித் தள்ளுங்கள். அதைப் படகில் போட்டால் ஈரம் படும்போதெல்லாம் கறுப்பு வெளியே வரும்.

இரண்டாவது, சுண்ணாம்பு. முதலில் கம்பி பிரஷ், பிறகுதான் மெஷின். நாலு முகத்திலும் 4 மி.மீ. கழிக்க வேண்டியிருக்கும். தேக்குக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது, சாதா பிளேடு அரை மணி நேரத்தில் மழுங்கும். கார்பைடு பல் உள்ள பிளேடு மட்டும் போடுங்கள். மழுங்கின பிளேடு மரத்தைத் தேய்த்துச் சூடாக்கும். சூடான முகத்தில் எண்ணெய் மேலே வந்து பளபளக்கும். அந்த முகத்தில் பசை பிடிக்காது.

மூன்றாவதுதான் முக்கியம். அறுப்பு.

காக்பிட்டுக்கு ரேகை நின்ற பட்டைதான் வேணும். அதாவது பட்டையின் தலையைப் பார்த்தால் வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக, அல்லது 60 டிகிரிக்குக் குறையாமல் நிற்கணும். படுத்த ரேகைப் பட்டை வளையும், ஓரம் தூக்கும், மிதி பட்ட பிறகு மென்மையான பகுதி தேய்ந்து வாய்க்கால் வாய்க்காலாக ஆகும். செதில் எழும்பி வெறுங்காலில் குத்துவதும் அதில்தான்.

உங்கள் உத்தரத்தின் தலையைப் புதிதாக ஒரு அங்குலம் அறுத்து, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். வளையங்கள் 7 அங்குல முகத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அதிர்ஷ்டம். 4 அங்குல உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக அப்பளம் அப்பளமாக அறுங்கள். ஒவ்வொரு துண்டும் தானாகவே நின்ற ரேகையாக வரும். வளையங்கள் 4 அங்குல முகத்துக்கு இணையாக இருந்தால் அறுப்பையும் திருப்பிக்கொள்ளுங்கள். நடுத்தண்டு உத்தரத்துக்குள்ளேயே இருந்தால் அந்த மையத்தில் இரண்டு அங்குலம் வேண்டாம், வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும்.

கண்டனூர் கணக்கு

உளி அண்ணன் சொன்ன அறுப்புக்குக் கணக்கு போட்டுவிடலாம்.

கழித்த பிறகு உத்தரம் 170 × 94 மி.மீ. மேடைப் பட்டைக்கு 13 மி.மீ. துண்டு (இழைத்த பிறகு 10), பிளேடு தின்பது 3 மி.மீ., ஆக 16. 170-இல் 10 துண்டு. ஒவ்வொரு துண்டின் 94 அகலத்தில் 45 மி.மீ. பட்டை இரண்டு. ஒரு உத்தரத்துக்கு 20 பட்டை, 2.7 மீட்டர் நீளத்தில். மேடைக்கு ஒரு பக்கம் 9 பட்டை, இரண்டுக்கும் 18. கணக்குப்படி ஒரே உத்தரம் போதும். ஆனால் ஆணித்தடம், கணு, சாய்ந்த ரேகை என்று மூன்றில் ஒன்று கழியும். இரண்டு உத்தரம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "எண்பது வருஷம் வீட்டுக்குள் காய்ந்த மரம், இனி அசையாது" என்ற பேச்சு தவறு. மரம் எவ்வளவு பழையதானாலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உறிஞ்சும், விடும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் நிற்கும். 80 சதவீதம் என்றால் 15-ஐத் தொடும். காரைக்குடி ஓட்டுக் கூரைக்கடியில் இருந்த மரம் தொண்டிக் கடற்கரைக்கு வந்தால் 6 சதவீதம் ஏறுவது சாதாரணம்.

நின்ற ரேகைத் தேக்கில் 45 மி.மீ. பட்டைக்கு அந்த 6 சதவீதத்துக்கு அசைவு சுமார் கால் மி.மீ. படுத்த ரேகையில் அரை மி.மீ.க்கு மேல். 9 பட்டை சேர்ந்தால் 2 மி.மீ.யா 5 மி.மீ.யா என்கிற வித்தியாசம். இணைப்பு ரப்பர் தாங்குவதா கிழிவதா என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

அதனால் அறுத்ததும் ஒட்டாதீர்கள். ரீப்பர் வைத்து அடுக்கி, படகு நிற்கிற ஊரிலேயே நிழலில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். ஈரமானியில் இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே எண் வந்த பிறகுதான் கடைசி இழைப்பு.

தொண்டிக்கரை

தரைக்கு என் வாக்கு கழற்றும் தட்டுக்கு. மேடைக்கு ஒட்டுப் பட்டை.

காரணம்: தரையில்தான் தண்ணீர் நிற்கும், மீன் இரத்தம், டீசல், மணல் எல்லாம் அங்கேதான் சேரும். தட்டு என்றால் தூக்கிக் கீழே கழுவலாம், வடிதுளையில் அடைத்த பாசியைக் கையால் எடுக்கலாம். தட்டுக்கு அடியில் ஒரு விரல் தண்ணீர் ஓடினாலும் காலுக்குத் தெரியாது. ஒட்டிய தரையில் ஒரு இடத்தில் பசை விட்டால், உள்ளே தண்ணீர் புகுந்தது வெளியே தெரியவே தெரியாது.

ஒரே எச்சரிக்கை: எதை எப்படிப் போட்டாலும் படகின் தரையில் ஸ்க்ரூ இறக்காதீர்கள். ஃபைபருக்கு நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூ துளையும் அந்த நடுமரத்துக்குத் தண்ணீர்க் குழாய். அழுகிப் பஞ்சு மாதிரி ஆன பிறகுதான் காலுக்கு அமுங்குவது தெரியும்.

கொத்தமங்கலம் உளி

தட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் சட்டமாக அறுத்துவிட்டு ஒவ்வொன்றிலும் காடி (பள்ளம்) வெட்டினால் எந்த ஆசாரிக்கும் ஒன்றோடொன்று சேராது.

முதலில் பலகையை 22 மி.மீ. கனத்துக்கு இழையுங்கள். பலகையாக இருக்கும்போதே குறுக்கே 22 மி.மீ. அகலம், 11 மி.மீ. ஆழத்தில் காடிகளை வெட்டிவிடுங்கள். காடி நடுவிலிருந்து அடுத்த காடி நடுவுக்கு 44 மி.மீ. எல்லாக் காடியும் முடிந்த பிறகு பலகையை நீளவாக்கில் 22 மி.மீ. சட்டங்களாக அறுங்கள். ஒரே பலகையில் பிறந்த சட்டங்கள் என்பதால் காடிகள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். பாதிச் சட்டங்களைக் கவிழ்த்து மீதிப் பாதியின் மேல் இறக்கினால் தட்டு.

44 மி.மீ. இடைவெளியை டேப் வைத்து அளந்து அளந்து போடாதீர்கள். ஒவ்வொரு காடியிலும் 0.2 மி.மீ. தவறினால் 14-ஆவது காடியில் இரண்டரை மி.மீ. வந்து நிற்கும், தட்டு பூட்டாது. ரூட்டரின் (காடி வெட்டும் மெஷின்) அடிப்பலகைக்குக் கீழே 22 மி.மீ. கட்டை ஒன்றைப் பொருத்தி, வெட்டிய காடியில் அந்தக் கட்டையை உட்கார வைத்து அடுத்ததை வெட்டுங்கள்.

பொருத்தம் கைவிரல் அழுத்தத்துக்கு இறங்கணும். சுத்தியல் கேட்கிற பொருத்தம் வேண்டாம். மழைக்காலத்தில் ஊதும்போது அது காடியின் தோளை உடைக்கும்.

190 செ.மீ.யை ஒரே தட்டாகச் செய்யாதீர்கள். சுமார் 62-க்கு 62-ஆக மூன்று. ஒவ்வொன்றிலும் 14-க்கு 14 சட்டம், ஆக மொத்தம் 84 துண்டு, 52 மீட்டருக்கு மேல் நீளம்.

கண்டனூர் கணக்கு

ஒரு உத்தரத்தில் 25 மி.மீ. துண்டு 6, ஒவ்வொன்றிலும் 22 மி.மீ. சட்டம் 3, ஆக 18 சட்டம், 48 மீட்டர். 52-க்குக் கொஞ்சம் பற்றாது. தட்டுக்கும் இரண்டு உத்தரம். மேடைக்கு இரண்டு. ஆறில் இரண்டு மிச்சம், அதை அறுக்காமல் வையுங்கள்.

எடை: தட்டில் நான்கில் மூன்று பங்கு மரம், ஒரு பங்கு ஓட்டை. மூன்றும் சேர்ந்து 12 முதல் 13 கிலோ. ஒவ்வொன்றும் 4 கிலோ சொச்சம், ஒரு கையால் தூக்கலாம்.

பாய்மரம் தேவகோட்டை

மிக்க நன்றி அண்ணே. தட்டின் முட்டுகளை எதால் ஒட்டுவது? சாதா மரப்பசை போதுமா? தட்டு நேரடியாகத் தரையில் உட்காரலாமா?

தொண்டிக்கரை

வெள்ளைப் பசை வேண்டாம், எப்பாக்ஸி மட்டும். தேக்கின் எண்ணெய்தான் ஒட்டுக்குப் பகை. ஒட்டுவதற்குச் சற்று முன் காடிகளை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, மஞ்சள் கறை துணியில் வருவது குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்கவும். அசிட்டோன் பறந்ததும் கால் மணி நேரத்துக்குள் ஒட்டிவிடவும். தாமதித்தால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும். நேற்றே துடைத்து வைத்தது கணக்கில் சேராது.

நம் வெயிலுக்கு மெதுவான ஹார்ட்னர் (எப்பாக்ஸியை இறுக வைக்கக் கலப்பது). ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், கலந்ததை டப்பாவில் வைக்காமல் அகலத் தட்டில் பரப்புங்கள். டப்பாவில் தன் சூட்டிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும்.

தட்டுக்குக் கீழே 10 மி.மீ. உயரத்தில் கால்கள் வைக்கணும், 30 செ.மீ.க்கு ஒன்று. ஈ.பி.டி.எம். ரப்பர் நல்லது, ஜெல்கோட்டை உரசாது. கால்களை வடிதுளைக்குப் போகும் நீர்த்தடத்தில் வைக்காதீர்கள். சுவருக்கும் தட்டுக்கும் நாலு பக்கமும் 4 மி.மீ. இடைவெளி.

பள்ளத்தூர் மரவாடி

தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். மூக்குக்கு நல்ல மாஸ்க், முழுக்கைச் சட்டை. இத்தனை மீட்டர் இழைக்கிறபோது இதை விட்டுவிடாதீர்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி

மேடைக்கு ஒட்டுப் பட்டை என்கிறீர்களே, பட்டைக்கு நடுவில் கறுப்புக் கோடு எதனால் போடுகிறார்கள்? வத்தைக்கு (மர நாட்டுப்படகு) இடுக்கு அடைக்க அடிக்கிற கலப்பத்து மாதிரி பஞ்சும் குங்கிலியமும் போதாதா?

தொண்டிக்கரை

நல்ல கேள்வி ஆச்சி. வத்தையில் கலப்பத்து வேலை செய்வதற்குக் காரணம், பலகை தண்ணீரில் ஊதிப் பஞ்சை இறுக்குவது. இங்கே பட்டை ஃபைபரின் மேல் ஒட்டியிருக்கிறது. ஊதினால் விலகும் இடமும், சுருங்கினால் கூடவே நீளும் பொருளும் வேணும். பஞ்சை அழுத்தி அடித்தால் பட்டையே அடிப்பசையிலிருந்து கிளம்பும். அதனால் இங்கே நீட்சியுள்ள ரப்பர்தான். டெக் இணைப்புக்கென்றே செய்த சிக்காஃப்ளெக்ஸ் 290 டி.சி. போன்றது. கண்ணாடிக் கடை சிலிக்கான் கூடாது. கட்டட வெடிப்புக்கு அடைக்கிற பாலியூரித்தேனும் கூடாது. மேல்வெயிலில் தூளாகும்.

பட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் 5 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் காடி. கீழே மீதி 4 மி.மீ. அடுத்த பட்டையோடு ஒட்டி உட்காரும். கண்ணுக்கு 40 மி.மீ. மரம், 5 மி.மீ. கறுப்பு.

வேலை வரிசை: ஜெல்கோட்டை 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, துடைத்து, அடிப்பசை (சிக்காஃப்ளெக்ஸ் 298 மாதிரி) போட்டு 4 மி.மீ. பல் உள்ள கரண்டியால் வரி வரியாக இழுக்கவும். பட்டையை வைத்து அழுத்தி, மேலே மணல் மூட்டை. அடியில் காற்றுப் பை இல்லாமல் பார்ப்பதுதான் முழு வேலையுமே. அடிப்பசை இறுகிய பிறகு காடியை அசிட்டோனால் துடைத்து, காடியின் அடியில் மட்டும் ஒட்டாத டேப் ஒன்றைப் படுக்க வைத்து, இரண்டு சுவருக்கும் பிரைமர். பிரைமருக்குக் காத்திருக்கும் நேரம் டப்பாவிலேயே இருக்கும். அதைக் குறைக்கவும் கூடாது, நீட்டவும் கூடாது.

டேப் ஏன் என்றால், ரப்பர் மூன்று பக்கமும் ஒட்டினால் நீளவே முடியாது, நடுவில் கிழியும். இரண்டு சுவரில் மட்டும் ஒட்டினால் ரப்பர் பாண்டு மாதிரி நீளும். டேப்பை மறந்துவிட்டு ரப்பர் கம்பெனியைக் குறை சொல்கிற வேலைகள் நிறைய.

கண்டனூர் கணக்கு

அளவு: இணைப்பு நீளம் ஓரம் சேர்த்து சுமார் 40 மீட்டர். 5 × 6 மி.மீ. என்றால் 1,200 மி.லி. வழிவது கால் பங்கு. 300 மி.லி. குழல் ஐந்து. அடிப்பசை ஒன்றரைச் சதுர மீட்டர் சொச்சத்துக்கு, ஒன்றரை மி.மீ. கனத்தில் 2.3 லிட்டர், 600 மி.லி. பை நான்கு.

நேரம் பற்றி ஒன்று: காலையில் வெயில் ஏறும்போது ரப்பர் போடாதீர்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து வெளியே வரும், ரப்பரில் குமிழ் குமிழாக நிற்கும். வெயில் இறங்கி மரம் ஆறிக்கொண்டிருக்கும் சாயங்காலத்தில் போடுங்கள். இரவுப் பனிக்கு மேலே துணி கட்டுங்கள், மரத்தைத் தொடாமல்.

குழலின் மூக்கு காடியின் அடியைத் தொட்டபடி பின்னோக்கி இழுக்க வேண்டும். மேலே மேலே ஓடவிட்டால் அடியில் காற்று அடைபடும். கொஞ்சம் பொங்கி வழியும்படி போட்டு, உடனே கரண்டியால் ஒரே இழுப்பு. விரலால் தடவாதீர்கள். ஒரு வாரம் ஆறவிட்டு 80 உப்புத்தாள், பிறகு 120. அதோடு நிறுத்துங்கள். 240-க்குப் போய் வழுவழுப்பாக்கினால் ஈரக்காலுக்குப் பிடி போய்விடும்.

கொத்தமங்கலம் உளி

மாதம்? ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குள் மரம் ஊதியிருக்கும், அப்போது போட்ட இணைப்பு கச்சான் காற்றில் (வறண்ட மேல்காற்று) மரம் சுருங்கும்போது ஓரம் கிழியும். சித்திரை, வைகாசி உச்சக் காய்ச்சலில் போட்டால் மழைக்கு ரப்பர் பிதுங்கும். தை கடைசி, மாசி நடுவாந்திரம். மரம் நடு ஈரத்தில் நிற்கிற மாதம் அதுதான்.

பாய்மரம் தேவகோட்டை

எண்ணெய்க் கேள்வி இன்னும் நிற்கிறது. வீட்டில் ஆத்தங்குடித் தரைக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பது வழக்கம், பளபளப்பு ஏறும். தேக்கில் அது மாதிரி செய்யலாமா? கடையில் "டீக் ஆயில்" என்றே விற்கிறார்களே.

தொண்டிக்கரை

வேண்டாம். ஆத்தங்குடி ஓடு சிமென்ட், அதில் பூஞ்சை தின்ன ஒன்றுமில்லை. வெளியில் ஈரத்தோடு இருக்கும் தேக்கில் எண்ணெய் போட்டால் அது பூஞ்சைக்குச் சோறு. ஒரே மழையில் கரும்புள்ளி வரும். "டீக் ஆயில்" என்பது தேக்கிலிருந்து எடுத்ததே இல்லை. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், அதோடு கரைப்பான், கொஞ்சம் வார்னிஷ். வெயிலில் சில வாரத்தில் போய்விடும், போகும்போது அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை எடுக்க அமிலம், அமிலத்தோடு மரமும் போகும்.

வார்னிஷ் காக்பிட் தரைக்குக் கூடவே கூடாது. நனைந்தால் வழுக்கும்.

பள்ளத்தூர் மரவாடி

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தரைக்கும் மேடைக்கும் எண்ணெய் வேண்டாம், சரி. ஆனால் கைப்பிடி, சுக்கான் கட்டை, வாசல் சட்டம் என்று காலால் மிதிக்காத இடத்துக்கு வார்னிஷ் போட்டு வருஷா வருஷம் ஒரு கை ஏற்றுகிறவர்களின் மரம் நன்றாகத்தான் இருக்கிறது. பொன்னிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதை அங்கே தீர்த்துக்கொள்ளட்டும்.

தொண்டிக்கரை

அதில் மாறுபாடில்லை அண்ணே. மிதிக்கிற இடம் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குப் போகட்டும். அந்தச் சாம்பல் வெயில் பட்ட மேல்தோல் மட்டும்தான், கீழே மரம் அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் சாம்பல் மரம் காலுக்குத் தாங்கும், எண்ணெய் போட்டுக் கறுத்த மரம் சுடும். நண்பகலில் ஒரு வாளி கடல்தண்ணீர் ஊற்றினால் போதும்.

கழுவும் முறை: வாரம் ஒரு தடவை கடல்தண்ணீர், மென்மையான பிரஷ் அல்லது பஞ்சு, ரேகைக்குக் குறுக்கே, அழுத்தாமல். ரேகையோடு சேர்த்துக் கடுமையான பிரஷ் போட்டால் வளையத்துக்கு நடுவில் இருக்கும் மென்பகுதி வாரிக்கொண்டு வரும். பிரஷர் வாஷரும் அதையே ஒரு நிமிஷத்தில் செய்யும். நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் மேல். உப்பு மரத்தில் இருந்தால் பூஞ்சையும் பாசியும் தங்காது, மரமும் ஒரேயடியாக வறண்டு வெடிக்காது.

கானாடுகாத்தான் ஆச்சி

கறைக்கு? குழம்பு, மீன், டீசல் எல்லாம் படுமே. பித்தளைக்குப் போல புளி போட்டுத் தேய்க்கலாமா?

கண்டனூர் கணக்கு

புளி, எலுமிச்சை வேண்டாம் ஆச்சி. அமிலம் கறையை எடுக்கிறபோது மரநாரையும் இளக்கும். எண்ணெய், குழம்பு பட்டால் உடனே முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ தூவி உறிஞ்சவிட்டு, பிறகு பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு. பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் மென்மையானதே. துணிக்குப் போடுகிற குளோரின் பிளீச் வேண்டாம், நாரைத் தின்னும்.

இரும்புக் கறைக்கு மட்டும் ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 60 கிராம். கறுப்பின் மேல் மட்டும் பிரஷால் தடவி 10, 15 நிமிஷம். நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு சமையல் சோடாக் கரைசலால் ஒரு கை. அது விஷம். கையுறை, கண்ணாடி வேணும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. அலுமினியத்தின் மேல் வழியவிடாதீர்கள். ஒரே இடத்தில் கறை திரும்பத் திரும்ப வந்தால் அமிலத்தை விடுங்கள், உள்ளே ஆணித்துண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

கொத்தமங்கலம் உளி

வருஷத்துக்கு ஒரு தடவை உப்புத்தாள் போட்டு "புதுசாக்குகிற" வழக்கத்தை இதில் கொண்டுவராதீர்கள். 10 மி.மீ. பட்டையில் காடி 6 மி.மீ. ஒவ்வொரு தேய்ப்பும் அந்த 6-இலிருந்துதான் கழியும். ரப்பர் மரத்துக்கு மேலே புடைத்து நின்றால், புடைத்ததை மட்டும் கூரான உளியைப் படுக்க வைத்து சீவுங்கள். மரத்தைத் தொடாதீர்கள்.

மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு சோதனை போதும். ஒரு ரூபாய்க் காசால் மேடை முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று இருந்த இடம் பொத்தென்று கேட்டால் அடிப்பசை விட்டிருக்கிறது. மேடையை நனைத்து அரை மணி நேரம் காயவிடுங்கள். எந்த இணைப்பின் ஓரத்தில் ஈரக்கோடு கடைசிவரை நிற்கிறதோ அங்கே ரப்பர் சுவரை விட்டிருக்கிறது. அந்த நீளத்தை மட்டும் இரண்டு பக்கமும் கத்தியால் அறுத்து, பழைய அரத்தின் வாலை வளைத்துச் செய்த கொக்கியால் இழுத்து எடுத்து, மறுபடி துடை, டேப், பிரைமர், ரப்பர். காடி 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் முதலில் ஆழப்படுத்துங்கள். ஆழமில்லாத காடியில் எந்த ரப்பரும் நிற்காது.

பாய்மரம் தேவகோட்டை

எல்லாவற்றுக்கும் நன்றி. தரைக்குத் தட்டு மூன்று, மேடைக்கு ஒட்டுப் பட்டை, எண்ணெய் கிடையாது. ஆவணியில் அறுத்து அடுக்கிவைத்து, தையில் இழைத்து, மாசியில் ஒட்டுகிறோம். எடைச் சோதனையில் ஐந்து உத்தரத்தின் துண்டு 62, 64, 65, 61, 66 கிராம். ஆறாவது 97.

பள்ளத்தூர் மரவாடி

ஆறாவது பியின்கடோவாக இருக்கும். அறுக்காதீங்க தம்பி, படகைக் கரையில் நிறுத்தும் தாங்குகட்டைக்கு அதைவிட நல்லது வராது.

கொத்தமங்கலம் உளி

மிச்சம் ஒரு தேக்கு உத்தரம்தான் என்று ஆகிறது. மேடைப் பட்டையில் கழியாமல் மிஞ்சுவதில் நாலைந்தை, காடி வெட்டி முடித்த நிலையிலேயே, படகில் வெயில் படுகிற இடத்தில் கட்டி வையுங்கள். பின்னால் ஒரு பட்டை மாற்ற வேண்டிவந்தால் அதுவும் அதே சாம்பலுக்கு வந்திருக்கும். தலைப்பக்கம் இரண்டுக்கும் எப்பாக்ஸி தடவி வைக்க மறக்காதீர்கள், வெடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.